அமெரிக்க விசாவை நம்பி லோன் போடுறீங்களா? அந்த விசா எந்தக் காகிதத்துல நிக்குதுன்னு முதல்ல பாருங்க

சேனலுக்கு வர்ற கேள்விகள்ல சமீபமா ரெண்டு வகை ரொம்ப அதிகம். ஒண்ணு, "எம்.எஸ். படிக்க 40 லட்சம் எஜுகேஷன் லோன் எடுக்கலாமா, அப்பா வீட்டை அடமானம் வைக்கச் சம்மதிச்சுட்டார்." ரெண்டாவது, "அடுத்த வருஷம் ஆன்சைட் உறுதின்னு மேனேஜர் சொல்றார், பல்லாவரம் பக்கம் ஃப்ளாட் புக் பண்ணிடலாமா?"

பொழிச்சலூர்ல இருந்து எழுதறேன். தலைக்கு மேல பிளேன் இறங்குற ஊர். எந்தத் தெருவுக்குள்ள போனாலும் பையனோ பொண்ணோ அமெரிக்காவுல இருக்கிற வீடு ஒண்ணாவது இருக்கும். அதனால இந்தக் கேள்விகளோட ஆசை எனக்கு நல்லாவே புரியுது. ஆனா இதுக்கு வட்டி எவ்வளவு, இஎம்ஐ எவ்வளவுன்னு மட்டும் பதில் சொன்னா அது அரைகுறை பதில். இந்த ரெண்டு திட்டத்துலயும் இருக்கிற பெரிய ரிஸ்க் பேங்க்ல இல்ல. வாஷிங்டன்ல ஒருத்தர் போடுற கையெழுத்துல இருக்கு. அந்தக் கையெழுத்து எப்ப விழும், எப்ப விழாதுன்னு தீர்மானிக்கிறது அந்த ஊர்த் தேர்தல்.

அதனால இந்தத் தடவை கொஞ்சம் அரசியல். யார் நல்லவர், யார் கெட்டவர்னு இல்ல. நமக்கு அங்க ஓட்டே கிடையாது. விஷயத்தோட ஆரம்பமே அதுதான்.

மகாளய அமாவாசை அன்னைக்கு நடந்தது

2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. அதிபர் டிரம்ப் ஒரு பிரகடனத்துல கையெழுத்துப் போட்டார். புது எச்-1பி மனுவுக்கு கம்பெனி 1,00,000 டாலர் கட்டணும். அன்னைய ரேட்டுக்கு சுமார் 88 லட்சம் ரூபாய். அதுவரைக்கும் ஒரு மனுவுக்கு எல்லாம் சேர்த்து சில ஆயிரம் டாலர்தான் ஆகிட்டு இருந்தது.

நடைமுறைக்கு வந்தது எப்ப தெரியுமா? ஞாயிறு நள்ளிரவு தாண்டி 12.01. நம்ம நேரப்படி ஞாயிறு காலை 9.31. அன்னைக்கு மகாளய அமாவாசை, மறுநாள் நவராத்திரி ஆரம்பம். லீவு போட்டு ஊருக்கு வந்தவங்க எத்தனையோ பேர். மைக்ரோசாஃப்ட், அமேசான் மாதிரி கம்பெனிகள் தங்களோட ஆட்களுக்கு, வெளியில இருந்தா உடனே திரும்புங்க, உள்ள இருந்தா வெளிய போகாதீங்கன்னு சொல்லிட்டாங்க. அவசர அவசரமா டிக்கெட் தேடினாங்க, கட்டணமும் ஏறுச்சு.

சனிக்கிழமை வெள்ளை மாளிகை விளக்கம் கொடுத்தது: இது வருஷா வருஷம் இல்ல, ஒரே ஒரு தடவை. புது மனுவுக்கு மட்டும். ஏற்கனவே விசா இருக்கிறவங்க போய் வரலாம். ஆனா முந்தின நாள்தான் வர்த்தக அமைச்சர் லுட்னிக் இது வருஷாந்திரக் கட்டணம்னு பேசியிருந்தார். யாருக்கு இந்தக் கட்டணம் பொருந்தும், யாருக்குப் பொருந்தாதுன்னு தெளிவான வழிகாட்டுதல் வந்தது அக்டோபர் 20-ல. அதாவது முழுசா ஒரு மாசம் கழிச்சு. அமெரிக்காவுக்குள்ளயே மாணவர் விசாவுல இருந்து எச்-1பிக்கு மாறுறவங்களுக்குப் பொதுவா இந்தக் கட்டணம் இல்லைன்னு அப்பதான் தெரிஞ்சது.

2024 நிதியாண்டுல ஒப்புதல் ஆன எச்-1பி மனுக்கள்ல 71 சதவீதம் இந்தியாவுல பிறந்தவங்களோடது. அதாவது இந்த அடி பெரும்பாலும் நம்ம ஆட்கள் மேலதான்.

ஒரே ஆள் எப்படி இதைப் பண்ண முடியுது?

நம்ம ஊர்ல அவசரச் சட்டம் தெரியும் இல்லையா. பார்லிமென்ட் நடக்காதப்ப குடியரசுத் தலைவர் பெயர்ல மத்திய அரசு கொண்டு வரும். ஆனா பார்லிமென்ட் கூடினதும் முன்னாடி வைக்கணும், 6 வாரத்துக்குள்ள சட்டமா ஆகலைன்னா காலாவதி. அமெரிக்க அதிபரோட பிரகடனத்துக்கு அந்தக் கட்டாயம் இல்ல. அவங்க காங்கிரஸ் (கட்சி இல்லைங்க, அவங்க பார்லிமென்ட் பேரே அதுதான்) முன்னாடி வைக்க வேண்டியதில்ல.

ஆனா அந்தப் பிரகடனம் ஏதாவது ஒரு சட்டத்துல தொங்கணும். அந்தச் சட்டம் 1952-ல வந்த குடியேற்றச் சட்டம், பிரிவு 212(எஃப்). வெளிநாட்டுக்காரங்க யாரோட வருகையும், அல்லது எந்த வகையினரோட வருகையும் நாட்டு நலனுக்குக் கெடுதல்னு அதிபர் கருதினா, அதை அவர் நினைக்கிற காலம் வரைக்கும் நிறுத்தி வைக்கலாம், கட்டுப்பாடும் போடலாம். இதுதான் சாராம்சம். "அதிபர் கருதினா" – இந்த ரெண்டு வார்த்தையிலதான் எல்லாமே.

2018 ஜூன்ல சில முஸ்லிம் நாடுகள் மேல போட்ட பயணத் தடை வழக்குல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 5-4ன்னு அதிபருக்குச் சாதகமா தீர்ப்பு சொல்லி, இந்தப் பிரிவுக்கு ரொம்ப அகலமான அர்த்தம் கொடுத்தது. அந்தத் தீர்ப்போட நிழல்தான் இப்பவும் விழுது. 1,00,000 டாலர் கட்டணத்தை எதிர்த்து அமெரிக்க சேம்பர் ஆஃப் காமர்ஸ் கோர்ட்டுக்குப் போச்சு. 2025 டிசம்பர் 23-ல மாவட்ட நீதிபதி பெரில் ஹவெல் அரசு பக்கம் தீர்ப்பு சொன்னார். அவர் ஒபாமா நியமிச்ச நீதிபதிங்கிறதைக் கவனிங்க. அப்பீல் போயிருக்கு. ஆனா அப்பீல் முடியுற வரைக்கும் உங்க ஆஃபர் லெட்டர் காத்திருக்காது.

36 மணி நேரம், 3 மாசம், 30 வருஷம்

அமெரிக்க விசா பத்தி ஒரு செய்தி வந்தா நான் முதல்ல பார்க்கிறது, அது எந்தக் காகிதத்துல எழுதியிருக்குங்கிறதை. ஏன்னா ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு வேகம் இருக்கு.

பிரகடனத்தோட வேகம் பார்த்தாச்சு, கையெழுத்துல இருந்து அமலுக்கு வர 36 மணி நேரம்கூட இல்ல.

அடுத்தது துறை போடுற விதி. முதல்ல வரைவு வெளியிடணும், பொதுமக்கள் கருத்துக் கேக்கணும், அப்புறம் அவங்க கெஜட்ல இறுதி விதி வரணும். எச்-1பி குலுக்கல்ல அதிக சம்பளத்துக்கு முன்னுரிமைன்னு ஒரு மாற்றம் வருது இல்லையா, அது இந்த வழி. 2025 செப்டம்பர்ல வரைவு, டிசம்பர்ல இறுதி, இந்த 2026 பிப்ரவரி 27-ல அமல். சம்பள நிலை 4-ல இருக்கிறவங்க பேரு குலுக்கல்ல 4 தடவை விழும். நிலை 1-ல இருக்கிறவங்க பேரு ஒரே தடவை. படிப்பு முடிச்சு முதல் வேலையில சேர்றவங்க பெரும்பாலும் நிலை 1 அல்லது 2. எம்.எஸ். லோன் கேக்கிற தம்பி தங்கச்சிகளே, 1,00,000 டாலர் செய்தியை விட உங்களுக்கு இதுதான் முக்கியம். டிவியில இது பாதிகூட ஓடலை.

விதிக்கு இன்னொரு குணமும் இருக்கு. கொண்டு வர்றது மெதுவா நடக்கிற மாதிரி, எடுக்கிறதும் மெதுவாதான் நடக்கும். எச்-4 விசாவுல இருக்கிற மனைவியோ கணவரோ வேலை பார்க்கலாம்கிற அனுமதி 2015 மே மாசம் ஒபாமா காலத்துல விதியா வந்தது. எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அங்க வீட்டு லோன் கட்டுறது அந்த ரெண்டாவது சம்பளத்துலதான். டிரம்ப் முதல் ஆட்சியில அதை ரத்து பண்றதா சொன்னாங்க, 2019-ல அதுக்கான வரைவு பரிசீலனைக்கும் போச்சு. ஆனா 4 வருஷம் முடியுற வரைக்கும் வெளியாகலை. 2021 ஜனவரியில பைடன் அரசு வாபஸ் வாங்கிடுச்சு. அதை எதிர்த்த வழக்கையும் 2025 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் எடுத்துக்க மறுத்துடுச்சு. 10 வருஷமா தலைக்கு மேல கத்தி, ஆனா விழலை. அது பிரகடனமா இருந்திருந்தா 2017-லயே ஒரு கையெழுத்துல போயிருக்கும்.

மூணாவது சட்டம். கிரீன் கார்டு இங்கதான் மாட்டிக்கிட்டு இருக்கு. வேலை வழியா வருஷத்துக்கு சுமார் 1,40,000 கிரீன் கார்டு, எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல கிடையாது. இது 1990 சட்டம். இந்தியாவுக்கும் 7, ஐஸ்லாந்துக்கும் 7. நம்ம கியூ பத்து வருஷம் தாண்டி நிக்கிறதுக்கு இதுதான் காரணம். இதை எடுக்க 2019 ஜூலையில கீழ்சபையில 365-65ன்னு பிரமாண்டமா ஓட்டு விழுந்தது. 2020 டிசம்பர்ல செனட் வேற மாதிரி ஒரு வடிவத்தை நிறைவேத்துச்சு. ரெண்டையும் ஒண்ணாக்க நேரம் இல்லாம செத்துப் போச்சு. எந்த அதிபர் நினைச்சாலும் இந்த 7 சதவீதத்தை ஒரு கையெழுத்துல மாத்த முடியாது. கதவைச் சாத்துற அதிகாரம்தான் 212(எஃப்)ல இருக்கு, திறக்கிற அதிகாரம் இல்ல.

சட்டத்துல நல்லது என்னன்னா, வர்றது முன்னாடியே கண்ணுக்குத் தெரியும். வெளிநாட்டுக்கு அனுப்புற பணத்துக்கு வரின்னு 2025 மே மாசம் பெரிய பயம் கிளம்புச்சே, ஞாபகம் இருக்கா? முதல்ல 5 சதவீதம்னாங்க. கீழ்சபையில நிறைவேறும்போது 3.5 ஆச்சு. ஜூலை 4-ல கையெழுத்தானப்ப 1 சதவீதம், அதுவும் ரொக்கம், மணி ஆர்டர், அந்த மாதிரி செக் கொடுத்து அனுப்புறவங்களுக்கு மட்டும். இந்த ஜனவரி 1-ல இருந்து அமல்ல இருக்கு. அமெரிக்க பேங்க் அக்கவுண்ட்ல இருந்தோ அங்க கொடுத்த டெபிட், கிரெடிட் கார்டுலயோ அனுப்பினா வரி இல்ல. அப்ப பதறி ஊருக்குப் பணத்தை மொத்தமா அனுப்பினவங்களுக்கு அதனால ஒரு லாபமும் இல்ல.

இந்த மூணுலயும் சேராத ஒண்ணும் இருக்கு: விசா ஆபீஸ் நடைமுறை. 2025 செப்டம்பர்ல டிராப் பாக்ஸ் வசதியைப் பெரும்பாலும் எடுத்துட்டாங்க. டிசம்பர் 15-ல இருந்து எச்-1பிக்கும் சோஷியல் மீடியா பரிசோதனை. ஸ்டாம்பிங்குக்கு டிசம்பர்ல வந்தவங்களோட அப்பாயின்ட்மென்ட் மாசக் கணக்குல தள்ளிப் போச்சு. சட்டம் மாறலை, விசா ரத்தாகலை, ஆனா ஆள் இங்க மாட்டிக்கிட்டார், அங்க வீட்டு வாடகை ஓடுது.

இதுக்கும் தேர்தலுக்கும் என்ன?

தேதிகளைப் பாருங்க. ஒபாமா, சின்ன வயசுல அமெரிக்கா வந்து ஆவணம் இல்லாம இருக்கிற இளைஞர்களுக்குப் பாதுகாப்பு அறிவிச்சது 2012 ஜூன் 15. அது அவரோட மறுதேர்தல் வருஷம். அவங்க பெற்றோருக்கு அதே மாதிரி அறிவிச்சது 2014 நவம்பர் 20, இடைக்காலத் தேர்தல் முடிஞ்ச ரெண்டே வாரத்துல. டிரம்ப் எச்-1பி, எல்-1 ரெண்டையும் வெளியில இருந்து வர்றவங்களுக்கு நிறுத்தினது 2020 ஜூன் 22, அதுவும் தேர்தல் வருஷம். கோவிட்ல வேலை போனவங்க கோடிக்கணக்குல இருந்த நேரம்.

ரெண்டு கட்சியும் இப்படிப் பண்றதுக்குக் காரணம் ஒண்ணுதான். செனட்ல ஒரு மசோதா ஓட்டுக்கு வரவே பெரும்பாலும் 100-ல 60 பேர் சம்மதிக்கணும். 2013-ல ஒரு பெரிய குடியேற்ற மசோதா செனட்ல 68-32ன்னு நிறைவேறியும் கீழ்சபை அதை எடுத்துக்கவே இல்ல. சட்டம் நடக்காதுன்னு தெரிஞ்ச அதிபர், தன்னோட ஓட்டர்களுக்கு ஏதாவது செஞ்சதா காட்டணும். கையில இருக்கிறது பேனா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேமரா முன்னாடி கையெழுத்து, வார இறுதி முழுக்கச் செய்தி.

யார் தலையில வைக்கலாம்னு பார்த்தா எச்-1பிக்காரங்க ரொம்ப வசதி. வரி கட்டுவாங்க, ஓட்டுப் போட முடியாது. எதிர்ப்பு வந்தா அது கம்பெனிகள்கிட்ட இருந்து வரும், அவங்க கோர்ட்டுக்குப் போவாங்க. இது ஒரு கட்சியோட வியாதின்னு நினைச்சுடாதீங்க. எச்-1பி சம்பளத்தைக் குறைக்குதுன்னு 2025 ஜனவரியில இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸும்தான் எழுதினார்.

நம்ம பக்கத்து உதாரணம் ஒண்ணு. தாம்பரத்துல செங்கல்பட்டு லோக்கல் ஏறினா பொத்தேரியில எஸ்.ஆர்.எம். அங்க படிச்ச, சென்னையில பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணனை 2024 டிசம்பர்ல டிரம்ப் தன்னோட ஏ.ஐ. ஆலோசகரா அறிவிச்சார். கிரீன் கார்டுல நாட்டு வாரி வரம்பை எடுக்கணும்னு அவர் முன்னாடி போட்ட ஒரு பதிவைத் தோண்டி எடுத்து டிரம்ப் ஆதரவாளர்களுக்குள்ளயே பெரிய சண்டை. எலான் மஸ்க் ஒரு பக்கம், ஸ்டீவ் பேனன் இன்னொரு பக்கம். அப்ப டிரம்ப் எச்-1பி நல்ல திட்டம்னு மஸ்க் பக்கம் பேசினார். நம்ம ஆட்கள் நிம்மதியானாங்க, சில பேர் லோன் சாங்ஷனும் வாங்கினாங்க. 9 மாசத்துல 1,00,000 டாலர். நவம்பர்ல ஒரு டிவி பேட்டியில மறுபடியும், வெளிநாட்டுத் திறமை வேணும்னு சொன்னார். அவர் பேச்சை வச்சு நீங்க பட்ஜெட் போட முடியாது, அவ்வளவுதான்.

இப்ப உங்க கணக்கு

கணக்குக்காக ஒரு தம்பியை வச்சுக்குவோம். 40 லட்சம் லோன், 11 சதவீத வட்டி, 10 வருஷம். படிக்கிற காலத்து வட்டியைச் சேர்க்காமலே மாசம் சுமார் 55,100 ரூபாய் இஎம்ஐ. அமெரிக்க சம்பளத்துல இது பெரிய விஷயமே இல்ல. குலுக்கல்ல பேரு விழலை, ஊருக்குத் திரும்பி ஓஎம்ஆர்ல வேலை, கையில 85,000 வருதுன்னு வைங்க. அதுல 65 சதவீதம் லோனுக்கே போயிடும். 15 வருஷமா நீட்டினா 45,500. அப்பவும் பாதிக்கு மேல. அடமானத்துல இருக்கிறது அப்பா 25 வருஷம் கட்டின வீடு.

அதனால நான் சொல்ற அளவுகோல்: திரும்பி வந்து சென்னைச் சம்பளத்துல கட்ட முடியுற அளவுக்கு மட்டும் லோன். இந்த உதாரணத்துல 85,000-ல மூணுல ஒரு பங்கு, சுமார் 28,000 இஎம்ஐ தாங்கும்னா, அதே 11 சதவீதத்துல 10 வருஷத்துக்கு 20 லட்சம்தான் வருது. மீதிக்கு ஸ்காலர்ஷிப், செலவு கம்மியான யுனிவர்சிட்டி, இல்ல ரெண்டு வருஷம் வேலை பார்த்துச் சேமிச்சுட்டுப் போறது. கடைசிச் சொன்னது கசப்பா இருக்கும். ஆனா அனுபவத்தோட போனா முதல் வேலையிலயே சம்பள நிலை ஒரு படி ஏற வாய்ப்பு இருக்கு, புது விதியில அதுவே உங்க பேரை இன்னொரு தடவை குலுக்கல்ல போடும்.

ஆன்சைட் நம்பி ஃப்ளாட் பார்க்கிறவங்களுக்கு: எல்-1 விசாவுக்கு இந்த 1,00,000 டாலர் கிடையாது. ஆனா 2020-ல அதையும் நிறுத்தினாங்கன்னு மேலயே பார்த்தோம். இப்ப வர்ற சம்பளத்துல இஎம்ஐ போடுங்க. போனீங்கன்னா முன்கூட்டியே அடைச்சுக்கலாம். மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு அதுல அபராதமும் இல்ல.

ஏற்கனவே அங்க இருக்கிற அண்ணன், அக்கா இதைப் படிச்சா: வேலை போனா எச்-1பியில 60 நாள் வரைக்கும் அவகாசம். 6 மாச எமர்ஜென்சி ஃபண்டுன்னு நாங்க எப்பவும் சொல்றதை, அங்க ரெண்டு மாசம், இங்க வந்து நாலு மாசம்னு ரெண்டா பிரிச்சு வைங்க. ரூபாய்ல கொஞ்சம் இருக்கணும். ரெண்டு சம்பளத்தை வச்சு லோன் போட்டிருந்தா, எச்-4 சம்பளம் இல்லாம இஎம்ஐ கட்ட முடியுமான்னு ஒரு தடவை போட்டுப் பாருங்க.

எங்கயும் போகலை, இங்கதான் ஐடி வேலைன்னு இருக்கிறவங்களுக்கும் ஒரு வரி. 2025 செப்டம்பர்ல செனட்டர் பெர்னி மொரேனோ, வெளிநாட்டுக்கு வேலை அவுட்சோர்ஸ் பண்ற அமெரிக்க கம்பெனிகளுக்கு 25 சதவீத வரின்னு ஒரு மசோதா கொண்டு வந்தார். "ஐடி காலி"ன்னு வாட்ஸ்அப் முழுக்க ஓடுச்சு. அது மசோதா. மூணாவது வகைக் காகிதம். ரெண்டு சபையும் தாண்டணும். அதைப் பார்த்து எஸ்ஐபியை நிறுத்தத் தேவையில்ல.

காலண்டர்ல குறிச்சு வைக்க சில தேதி. மார்ச்ல புது முறையில எச்-1பி குலுக்கல். அது முடிஞ்ச 30 நாளுக்குள்ள, 1,00,000 டாலர் கட்டணத்தை நீட்டிக்கலாமான்னு அதிகாரிகள் அதிபருக்குப் பரிந்துரை கொடுக்கணும்னு பிரகடனத்துலயே இருக்கு. பிரகடனத்தோட 12 மாசம் முடியுறது 2026 செப்டம்பர் 21. நீட்டிச்சாலும் கைவிட்டாலும் அதுக்கு ஒரு பேனா போதும். அதுல இருந்து 43 நாள் கழிச்சு, நவம்பர் 3-ல, இடைக்காலத் தேர்தல். ஃபால் அட்மிஷனுக்கு இந்த வருஷம் லோன் கையெழுத்துப் போடுறவங்க, ஆகஸ்ட்ல பிளேன் ஏறுவீங்க. அந்த முடிவு நீங்க போனதுக்கு அப்புறம்தான் முழுசாத் தெரியும்.